கால் நனையாமல் கடலுக்குப் போனவர்

புஸ்பராணியின் தோள் சும்மா தோள் அல்ல. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன்கூடை சுமந்த தோள், மெல்பேர்னில் முதலாளியம்மா மோரக்கின் மீன்கடையில் ஐஸ் பெட்டிகளைத் தூக்கியும் அலுக்கவில்லை. மோரக்கின் முன்னோர் ஸ்கொட்லாந்தின் ஆர்புரோத் கரையோரத்து மீனவர்கள். அந்த ஊர் முறைப்படி மீன்களை இரண்டிரண்டாக வாலில் கட்டிப் புகையில் தொங்கவிடுவதுதான் புஸ்பராணியின் வேலை. எங்கள் கருவாட்டுக்கு இந்த ராஜமரியாதை கிடைக்கவில்லையே என்று சிரிப்பார்.

வீட்டில்தான் சிக்கல். கணவர் அந்தோனிப்பிள்ளை நடக்கப் பழகுமுன் வள்ளம் ஏறியவர். 2010இல் இருவரும் அகதிகளாகப் படகில் வந்தபோது நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. கரை சேர்த்தால் இனிக் கடல் தண்ணீரில் கால் நனைப்பதில்லை என்று புனித அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். அந்தோனியார் தன் பங்கைச் செய்தார். இவரும் விடாப்பிடியாக நின்றார். இறங்குதுறைப் பாலத்தால் போய்க் கால் நனையாமல் வள்ளம் ஏறலாமே என்றால், “அந்தோனியாரை ஏய்க்கச் சொல்லுறியோ?” என்பார். நேர்த்தி பாதி, பயம் மீதி என்று புஸ்பராணிக்குத் தெரியும். பழக்கிடங்கில் வேலை முடிந்து வந்து மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காண அவருக்கு மனம் கேட்கவில்லை. கடலுக்குப் போகாமல் இவர் பழைய ஆளாக மாட்டார்.

2012 கோடையில் வில்லியம்ஸ்டவுன் கடற்கரையில் ஆர்புரோத் வழிவந்தவர்கள் கொண்டாட்டம் வைத்தார்கள். தட்டியில் ஒட்டியிருந்த பழைய படம் ஒன்றில், பாவாடையைத் தூக்கிச் செருகிய பெண்ணொருத்தி கணவனை முதுகில் சுமந்து தண்ணீரில் நடந்தாள். துறை கட்டுமுன் அப்படித்தானாம். புருஷன்மார் ஈரக்காலோடு குளிரில் விறைக்கக் கூடாதென்று மனைவிமார் வள்ளம் வரைக்கும் அவர்களைத் தூக்கிப்போய் ஏற்றிவிடுவார்களாம். இன்று அதையே விளையாட்டாகச் செய்யப்போவதாக மோரக் சொன்னார். அவருடைய தம்பி இயன் தண்ணீரில் வள்ளத்தோடு காத்திருந்தார்.

புஸ்பராணிக்குப் பொறி தட்டியது. நீளச் சட்டையை முழங்காலுக்கு மேலே முடிந்துகொண்டு கணவருக்கு முன்னால் குனிந்தார்.

“ஏறுங்கோ.”

“உனக்கென்ன விசரே? சனம் பாக்குது.”

“பாக்கட்டும். உங்கடை கால் நனையாது. நேர்த்திக்கும் ஒண்டும் வராது.”

அந்தோனிப்பிள்ளை வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பெண்சாதி சுமந்துபோனால் அந்தோனியார் அதை ஏய்ப்பென்று சொல்லமாட்டார் என்று பட்டது.

“விழுத்திப்போடாதை” என்றபடி ஏறினார்.

ஆள் இலேசான ஆள் இல்லை. அலை வந்தபோது அவர் கழுத்தை இறுக்கிய இறுக்கில் புஸ்பராணிக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் நிற்காமல் நடந்துபோய், மூட்டையை இறக்குவது போல அவரை வள்ளத்தில் இறக்கினார். கரையில் கைதட்டல்.

இயன் துடுப்பை நீட்டினார். அந்தோனிப்பிள்ளை அதை வாங்கிய விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வள்ளம் ஒரு சுற்றுப் போய் வந்தபோது மனிதரின் முகத்தில் வாய்கொள்ளாச் சிரிப்பு. தண்ணீரில் நின்ற புஸ்பராணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்தே செய்தார்.

சனிக்கிழமைகளில் மீன்பிடிக்கத் துணைக்கு வருவீர்களா என்று இயன் கேட்டார். அந்தோனிப்பிள்ளை கரைக்குத் திரும்ப மனைவியின் முதுகில் ஏறிக்கொண்டார். பாதி வழியில் மனைவியின் காதருகே மெல்லக் கேட்டார்:

“புஸ்பம், சனிக்கிழமையளிலை உனக்கு வேலை இல்லைத்தானே?”