சனிக்கிழமை அந்தியில் போட்ட ஊசி

ஹட்டனிலிருந்து வட்டகொடைக்கு ரயிலில் போவது எப்படி என்று மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் அந்த வழியே போனது எழுபதுகளின் கடைசியில். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. மடியில் தடுப்பூசி மருந்துப் பெட்டி இருந்தது. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு, பரவியிருந்தது. தொழிலாளர் வீட்டு வரிசைகளான இரண்டு லயங்களுக்கும் மலை ஊற்றிலிருந்து விழும் ஒரே பீலித் தண்ணீர். அதைக் குடித்த ஐந்து பேரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியாயிற்று. மற்ற எல்லோருக்கும் ஊசி போட்டாக வேண்டும். நர்ஸாக எனக்கு அதுதான் முதல் வேலை. லயத்தில் பிறந்து வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளை நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்!

புதன்கிழமை காலை ஏழரைக்கு ரயில். பதினைந்து மைல், ஒரு மணி நேரம். அரசாங்கம் கொடுத்த வாரண்ட் சீட்டு இருந்ததால் டிக்கெட் செலவில்லை. தேத்தண்ணீருக்கும் வடைக்கும் ஒரு ரூபாய். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கூட வந்த சுகாதாரப் பரிசோதகர் சிவஞானம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். “விடு தங்கச்சி, அது இறங்கி ஓடாது” என்றார். ஸ்டேஷனிலிருந்து தோட்டம் இரண்டரை மைல், முழுக்க ஏற்றம். நடந்தே போனோம்.

ஒன்பதரைக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மேசை போட்டு உட்கார்ந்தோம். மதியம் வரை வந்தது பதினொரு பேர். எல்லோரும் ஆபீஸ் குடும்பத்து ஆட்கள். லயத்திலிருந்து ஓர் ஈ, காக்கை இல்லை. பயந்த சனம், எவ்வளவு சொன்னாலும் விளங்காது என்று ஐயா அலுத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. பெட்டியிலிருந்த ஐஸ் மறுநாள் வரைதான் தாங்கும். ஆள் வராவிட்டால் மருந்தை வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அப்படிக் கொடுத்துவிட்டால் இந்த லயங்களுக்கு அடுத்த மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பொறுக்காமல் நானே மலைக்கு ஏறினேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் மருதாயி அக்கா என்பவரிடம் வாய் கொடுத்தேன். அவருடைய மூத்த பையன் அப்போது நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தான். நீங்களே வராவிட்டால் எப்படி என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் கொழுந்தைக் கூடைக்குள் வீசிக்கொண்டே சொன்னார்.

“ஊசிக்கு யாரு மிஸ்ஸி பயந்தா? போட்டா மறுநா காய்ச்சல் அடிக்கும், கையத் தூக்க முடியாது. வளந்து நிக்கிற கொழுந்த யாருங்க எடுக்கிறது? சனிக்கெழம அந்திக்கு மடுவத்துக்கு வாங்க. கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு அப்படியே கைய நீட்டுறோம். ஆம்பளைங்க, புள்ளைங்களயும் கூட்டியாறோம். ஞாயித்துக்கெழம படுத்துக் கெடந்தா யாரு கேக்கப் போறா?”

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. என் அம்மா எடுக்காத கொழுந்தா? இருபது வருடம் லயத்தில் வளர்ந்துவிட்டு, ஆபீஸ் நாட்காட்டியைப் பார்த்து புதன்கிழமை என்று தலையாட்டி வந்திருக்கிறேன். நல்ல மடத்தனம்.

சனிக்கிழமை வரை மருந்தைக் குளிராக வைப்பதுதான் மிச்சமிருந்த கவலை. ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரே தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்குப் போய், சிங்களத்தில் அரை மணி நேரம் பேசி, துரையின் ஃபிரிட்ஜில் இடம் பிடித்துவிட்டார். மூன்று நாள் எங்கள் மருந்து துரையின் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தது!

சனிக்கிழமை நாலரைக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மேசை போட்டோம். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கோடு, ஈரம் சொட்ட, மருதாயி அக்காதான் முதலில் கை நீட்டினார். அவருக்குப் பின்னால் இரண்டு லயமும் நின்றது. ஆறரைக்குள் கடைசிப் போத்தலும் காலி. ஞாயிறு முழுக்க லயத்தில் முனகல்தான். ஆண்கள் ரொட்டி சுட்டார்கள், பாதி கருகியது. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“நான் சொன்னது பிழை தங்கச்சி” என்றார் ஐயா. அறிக்கையில் யோசனை சொன்னவர் என்று மருதாயி அக்காவின் பெயரைத்தான் எழுதினார். அதற்குப் பிறகு நாங்கள் போன தோட்டங்களிலெல்லாம் சனிக்கிழமை அந்திதான்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மே மாத வெயிலிலும் சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நேரத்தை நம்பாதீர்கள். நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்குப் போனபோது ரயில் தாமதித்து, ஏற்றத்தில் மூச்சு வாங்க ஓடியும் நாலரைக்குப் பதில் ஐந்து மணியாகிவிட்டது. கூட்டம் கலைந்திருக்கும் என்று பயந்துகொண்டே மடுவத்துக்குள் நுழைந்தேன். வரிசை வாசலைத் தாண்டி வெளியே நின்றது. முன்னால் மருதாயி அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன மிஸ்ஸி, நாங்கதான் வர மாட்டோம்னு சொன்னாங்களாம். உங்களையில்ல அரை மணி நேரமா காணோம்?”