ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம்

உத்தரகோசமங்கையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நாங்கள் வந்த மாட்டுவண்டி குடை சாய்ந்தது. வண்டிச்சக்கரத்தில் என் தலை மோதியது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் நினைவில்லை. பனைமரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து வானத்துக்குள் போனது மட்டும் ஞாபகமிருக்கிறது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மண்டபத்தில் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். என் வீட்டுக்காரர் அங்கேயே ரயில் நிலையத்தில் சரக்கு குமாஸ்தா.

காயம் ஆறியது. நடந்தேன், சமைத்தேன். ஆனால் பேச்சு மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயருக்காக நின்றுகொண்டிருப்பேன். அது பயமாக இல்லை என்பதுதான் விசித்திரம். எல்லாம் தூரத்தில், மெல்லிய வெளிச்சத்தில் நடப்பதுபோல இருந்தது. ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருப்பேன். பயந்தது என் வீட்டுக்காரர்தான். பள்ளிக்கூடத்திலும் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். மதுரைக்கு ரயிலேறினோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் இருந்தார். சின்ன வயதுதான். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஒரு நிமிஷம் குடுப்பேன்மா. உங்களுக்குத் தெரிஞ்ச மிருகங்க பேரெல்லாம் சொல்லுங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

மாடு என்றேன். ஆடு என்றேன். நாய். பிறகு ஒரு வெள்ளை வெளி. அதற்குள் எங்கோ மிருகங்கள் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவற்றின் மூச்சுகூடக் கேட்பதுபோல இருந்தது. பக்கத்தில் போக வழிதான் இல்லை. பூனை வந்தது. மறுபடியும் மாடு வந்தது. நிமிஷம் முடிந்துவிட்டது.

அடுத்து 'ப' எழுத்தில் தொடங்கும் வார்த்தைகள். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் கூடாது என்றார். எனக்குள் இருந்த டீச்சர் அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டாள். "பா, பி எல்லாம் வரலாமா, ப மட்டுமா?" என்று திக்கித் திக்கிக் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இங்கிலீஷ்காரர்கள் செய்யும் பரீட்சை இது, அவர்களுக்கு அந்தக் கேள்வியே எழாது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, வரலாம் என்று தீர்மானித்தார். பனை, பானை, பாம்பன் என்றேன். பாம்பன் ஊர்ப் பெயர். அதை அடித்துவிட்டார். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் டாக்டர், கதவோரம் நின்ற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். நம் பக்கத்தில் நல்லபடியாக இருக்கிறவர்கள் எத்தனை சொல்வார்கள் என்று தனக்கே தெரியாதென்றும், அதனால் கூட வருகிறவர்களையும் கேட்டு எழுதி வைப்பதாகவும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மிடுக்காக உட்கார்ந்தார். கடிகாரம் ஓட ஆரம்பித்தது. மாடு, ஆடு, கழுதை, குதிரை என்று ரயில் வேகத்தில் சொன்னார். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. கூரையைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. "காளை" என்றார். "கன்னுக்குட்டி" என்றார். "கெடா." கடைசியில் ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்போல "எலி" என்றார். நிமிஷம் முடிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி சாய்ந்த நாளுக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. நான் சிரித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் வரும்போது மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கடியாரத்தப் பாத்ததும் எனக்கே ஒன்னும் ஓடலத்தா. உன்னைய நெனச்சுக்கிட்டேன்."

மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். மனப்பாடம் செய்துகொண்டு வரக் கூடாது, அப்படி வந்தால் எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும் என்றும் எச்சரித்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வேலை விட்டு வந்ததும் எதிரில் உட்கார்ந்து, காய்கறி பேர் சொல்லு, பூப்பேர் சொல்லு என்பார். சில நாள் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு, "என்னைய பரீட்சை வைக்காதீங்க. சும்மா பேசுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. சாயங்காலங்களில் கரைக்கு நடக்கக் கூட்டிப்போனார். வழியெல்லாம் சரக்கு வண்டிகளைப் பற்றி அவராகவே பேசிக்கொண்டு வருவார்.

கரையில் மீனைக் கூடை கூடையாகக் கொட்டியிருப்பார்கள். ஈரமணலில் வானமும் விழுந்து, எது தண்ணீர் எது வெளிச்சம் என்று தெரியாத நேரம் அது. ஒரு கூடைக்குப் பக்கத்தில் நின்றால் சாளை, நெத்திலி, காரல் என்று பெயர்கள் தானாக வந்தன. சொல்லி முடிந்ததும் அங்கேயே நின்றுவிடுவேன். அடுத்த கூடைக்கு நடந்தால் அங்கே சீலா, பாறை, வாளை இருந்தன. என் தலைக்குள்ளும் இப்படித்தான் என்று அப்போது தோன்றியது. பெயர்கள் எங்கும் தொலைந்துபோகவில்லை. ஒரு கூடையை விட்டு இன்னொரு கூடைக்கு நடக்கத்தான் எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுபடி மதுரை. அதே மேஜை, அதே கடிகாரம். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மூடிக்கொண்டேன். முதலில் எங்கள் தெருவில் நடந்தேன். மாடு, ஆடு, நாய், பூனை, கழுதை. தெரு முடிந்ததும் கருவேலங்காட்டுக்குள் போனேன். நரி, முயல், கீரி, உடும்பு. காடும் முடிந்தது. எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது திருப்புல்லாணிக் கோயில் குளிர்ச்சியாக எதிரில் வந்தது. யானை, குதிரை, சிங்கம், குரங்கு. தூணில் யாளி.

"யாளி மிருகமா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க ஊர்ல மிருகந்தான்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அதையும் கணக்கில் சேர்த்தார். 'ப' எழுத்தில் மட்டும் அன்றும் ஐந்தைத் தாண்டவில்லை. எழுத்துக்கு நடக்கத் தெரு கிடையாது. ஒரு இனத்துப் பெயர்களைத் தேடுவதற்கும் ஒரு எழுத்தைப் பிடித்துத் தேடுவதற்கும் மூளை வேறு வேறு வழியில் போகிறது போலிருக்கிறது, தனக்கும் முழுதாகத் தெரியாது என்றார் டாக்டர்.

"நான் பாடம் நடத்தலாமாங்கய்யா?"

"இந்தப் பரீட்சை அதைச் சொல்லாதும்மா. எது மெதுவா இருக்குன்னு மட்டும் காட்டும். நீங்க ரெண்டு தடவையும் கேட்ட கேள்விகளைப் பாத்தா, நடத்தலாம்னுதான் எனக்குத் தோணுது."

அதையே சர்ட்டிபிகேட்டாக எழுதிக் கொடுத்தார். தலைமையாசிரியை தயங்கினார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்.

முதல் நாள் கரும்பலகையில் ஒரு வீடு வரைந்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னேன். சுவர், ஜன்னல், கதவு. கூரையைத் தொட்டதும் சொல் வரவில்லை. கை அங்கேயே நின்றது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். வெளியே பாம்பன் பக்கம் போகும் ரயில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரில் அந்தக் கடிகாரம் இருந்திருந்தால் பதறியிருப்பேன். அன்று பலகையில் கைவைத்தபடியே காத்திருந்தேன். ரயில் போய் முடிந்த சத்தத்துக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், அந்தச் சொல் வந்தது. சொன்னேன். நாற்பது பிள்ளைகளும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.