அவருடைய நாற்காலியில் எடுத்த படம்

சுவிஸில், துன் ஏரிக்கரையில் ஒரு பழைய வில்லாவை ஆறு வருடம் துப்புரவு செய்தேன். அதன் கீழ்த்தளத்தில் இருந்த ஓர் அறை சுவிஸ் அறையே அல்ல. இங்கிலாந்தில் ஏதோ ஒரு பிரபுவின் மாளிகையை இடித்தபோது, வீட்டுக்கார அம்மாவின் தகப்பனார் ஓர் அறையின் உட்புறத்தை மட்டும் விலைக்கு வாங்கி, சுவர்ப்பலகை, கூரை, கணப்படுப்பு என்று கழற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டினாராம். பலகையில் செதுக்கிய திராட்சைக் கொடிகளுக்குள் தூசு போய் அடைந்துகொள்ளும். பிரபுவை மனதுக்குள் திட்டிக்கொண்டே பழைய பல் பிரஷ்ஷால் எடுப்பேன்.

யுத்தம் முடிந்த பிறகு ஊரில் தங்கச்சி வீடு கட்டினாள். மாபிள் தரை, தேக்குக் கதவு என்று படம் படமாக அனுப்பினாள். நாங்கள் இருந்ததோ பூஞ்சணம் பிடித்த இரண்டு அறை பிளாட். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன பயன்? வீட்டுக்கார அம்மா பாசல் நகருக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், பையில் கொண்டுபோன கூறைச் சேலையை உடுத்து, அந்த அறையின் கணப்படுப்புக்கு முன்னால் கிடந்த அவருடைய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு இருந்தேன். என்னைக் கூட்டிப்போக வந்த கணவரிடம் போனை நீட்டினேன்.

"உமக்கு விசரோ? அந்த மனுசி கண்டால் என்ன நினைக்கும்?"

"கதைக்காமல் எடுங்கோ."

எடுத்தார். 'எங்கட புது வீடு' என்று எழுதித் தங்கச்சிக்கு அனுப்பினேன். கை கூசவில்லை.

சில வருடங்களில் அந்த அம்மா முதியோர் இல்லத்துக்குப் போனார். பிள்ளைகள் வில்லாவை விற்றார்கள், வாங்கினவர்கள் அடுக்குமாடி வீடுகள் கட்ட அதை இடித்தார்கள். இந்த முறை அறையைக் கழற்றி எடுக்க ஒருவரும் வரவில்லை. வீட்டைக் காலி செய்தவர்கள் அவருடைய ஆல்பங்களையும் குப்பையோடு வீசிவிட்டார்கள்.

இல்லத்தில் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அறையின் படம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா, இன்னொரு முறை பார்த்தால் போதும் என்றார். இல்லை என்றேன்.

"தெரியும். கேட்காமல் படம் எடுக்கிற ஆள் நீங்கள் இல்லை."

அவருக்கு முகம் கொடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். நடுவில் அப்படிப் பரந்து இருக்கிறேன். என்னை வெட்டினால் கணப்படுப்பும் போகிறது, நாற்காலியும் போகிறது.

"அப்படியே கொண்டுபோய்க் காட்டும். மனுசி உம்மைக் கொல்லவோ போகுது?" என்றார் கணவர்.

கொன்றிருந்தாலும் பரவாயில்லை. வெட்கத்தில் ஒரு வருடம் கடத்தினேன்.

கடைசியில் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கும் ஜெர்மன் வசனங்களைப் பஸ்ஸில் பாடமாக்கினேன். அறையின் படம் என்று மட்டும் சொல்லி நீட்டினேன், மிச்சத்தை அவரே பார்த்து அறியட்டும் என்று. அவர் அதை முகத்தருகே கொண்டுபோனார். பிறகு ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணுக்கு இப்போது நிழல் மட்டும்தான் தெரிகிறது, போன வருடம் இவ்வளவு மோசமில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை.

"நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்."

சொன்னேன். திராட்சைக் கொடியைச் சொன்னேன், கூரையைச் சொன்னேன், கணப்படுப்பின் மேல் ஓடிய விரிசலைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என் நாற்காலி?"

"இருக்கிறது."

"அதில் யாராவது இருக்கிறார்களா?"

பாடமாக்கிய வசனங்கள் எல்லாம் வாயில்தான் இருந்தன.

"ஒருவரும் இல்லை" என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.