மல்லிகா அக்கா வயலில் எடுத்த பாசி

கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறீர்களா? நான் சொல்லியிருக்கிறேன்.

கடலோர நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். திருக்கடையூர்ப் பக்கம், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருந்தது மல்லிகா அக்காவின் நெல்வயல். அங்கே ஈரமண்ணில் கரும்பச்சையாகப் படிந்திருந்த பாசியைச் சுரண்டித் தஞ்சாவூர் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்புநீரில் மட்டுமே வாழும் இனம் அது. அவ்வளவு உள்ளே அதை யாரும் பதிவு செய்ததில்லை.

மறுநாளே இன்னும் கொஞ்சம் எடுக்க ஓடினேன். அக்கா நடவுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“பாசி வயலுக்கு உரம்னு சொல்லுவாங்களே, நல்லதுதானேம்மா?”

“இது அது இல்லக்கா, கடல்ல இருக்கிறது! உப்புத்தண்ணியிலதான் வளரும்!” என்றேன், முகமெல்லாம் சிரிப்பாக.

அக்கா குனிந்து, வயல் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு வருசமா பயிர் கருகுது. விதை சரியில்லன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டேன்” என்றார்.

நான் பாட்டிலை நிரப்பிக் கிளம்பியபோது பின்னாலேயே வந்தார்.

“மூடிய நல்லா திருகிக்கம்மா. போற வழியில அடுத்தவங்க வயல்ல சிந்திடப் போவுது.”

பாசியால் உப்பு வராது, உப்பு வந்ததால்தான் பாசி வந்தது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மூடியை இறுக்கித் திருகிக் காட்டினேன்.

ஆய்வேட்டில் அந்த வயலைப் ‘புதிய வாழிடம்’ என்று எழுதினேன். யாருக்கு என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.