கக்கூஸைத் திருப்பிப் போட்டவள்

பதினெட்டு வயதில் பொறியியல் படிக்க எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வாப்பா விடவில்லை. யுத்த காலம், வழியெல்லாம் சண்டை, கலியாணமாகாத குமர்ப்பிள்ளையை எப்படி அனுப்புவது என்றார். நான் தலையாட்டினேன். வழியில் சண்டை இருந்தது உண்மைதான். அதே வழியால் என் மூத்த சகோதரர், காக்கா, படிக்கப் போய் வந்ததும் உண்மைதான். அந்தத் தலையாட்டலுக்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

பிறகு எனக்கும் ஒரு சீதன வீடு கட்டினார்கள். எங்கள் கல்முனைக்குடியில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்தவர் நல்லவர். வீடும் நல்ல வீடு. எனக்குத்தான் அதற்குள் செய்ய ஒன்றுமில்லை. குசினியில் சட்டி பானைகளை நாலு தரம் மாற்றி அடுக்கினேன். அலுமாரியை எங்கே வைத்தால் அறை விரியும் என்று நிலத்தில் சோக்கால் கீறிப் பார்த்தேன். “கூடின மூளை, பிள்ளை பெத்தா அடங்கிரும்” என்றார்கள் சொந்தக்காரர்கள். இரண்டு பெற்றேன், அடங்கவில்லை. பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்தேன். ஆனாலும் பின்னேரமானால் தலைக்குள் ஏதோ அரிக்கும். ஊர் அதைத் திமிர் என்றது. எனக்கு அது பசியாகத்தான் தெரிந்தது.

சுனாமி அந்த வீட்டை அத்திவாரத்தோடு எடுத்தது. வாப்பாவையும் எடுத்தது. அவருக்காக நான் அழுத அழுகை கொஞ்சமல்ல. அவர் மீதிருந்த கோபத்தை மட்டும் கடல் எடுக்கவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் உம்மா, கணவர், பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தேன்.

சில மாதத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டித்தர வந்தது. வீட்டின் படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். எல்லோரும் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் போகவில்லை. கோடுகளைப் பார்த்தாலே எனக்கு வீடு எழும்பி நிற்கும், உள்ளே நடந்து பார்ப்பேன். அப்படி நடந்து கக்கூஸ் கதவைத் திறந்தால், குந்துகிறவர் முகம் நேரே மேற்கே இருந்தது. கிப்லாப் பக்கம், நாங்கள் தொழுகிற திசை. அந்த வேளையில் அந்தப் பக்கம் முகத்தையும் காட்டக்கூடாது, முதுகையும் காட்டக்கூடாது என்பது எங்கள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டப்போகிற அத்தனை வீட்டிலும் அதே கக்கூஸ்.

கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளருக்கு இது தெரிய நியாயமில்லை. முகாம் கமிட்டித் தலைவர் ஐந்து வேளையும் தொழுகிறவர். அவரிடம் சொன்னேன்.

“இஞ்சினியர் கீறினத்தப் பிழை எண்டு சொல்றியா? பொம்புளப் புத்தி பின்புத்தி எண்டு சும்மாவா சொன்னாங்க?”

“ஓம் காக்கா, பின்னுக்கு இரிக்கிற கக்கூஸப் பத்தித்தான் நானும் கதைக்கன்.”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மகளின் கணக்குக் கொப்பியை வாங்கி அன்றைக்கே கீறினேன். கக்கூஸை வடக்குத் தெற்காகத் திருப்பினால் அதன் கதவு தெருவைப் பார்த்தது. கதவை மாற்றினால் குசினி ஒடுங்கியது. குசினியைப் பின்னுக்குத் தள்ளினேன். இப்போது பக்கத்து வீட்டுக் குசினியும் இதுவும் ஒரே வளவைப் பார்த்தன. எங்கள் ஊரில் அக்கா தங்கைகள் பக்கத்துப் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள், கறிக்கோப்பை கைமாற இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு கல் கூடாமல் எல்லாம் அடங்கியது. வாப்பா மௌத்தான பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். அது வெட்கமாகவும் இருந்தது.

அந்தத் தாளைத் தலைவரிடமே கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பொறியியலாளர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, யார் கீறியது என்று கேட்டார்.

“கமிட்டி” என்றார் தலைவர்.

கூட்டம் முழுக்க ஆண்கள். நான் எழும்பினேன். “கமிட்டி இல்ல, நான்தான் கீறின” என்றேன். குரல் சத்தமாகத்தான் வந்தது.

பொறியியலாளர் என்னைத் தன் கந்தோரில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். நிந்தவூர், பொத்துவில் என்று போய் வளவு அளந்தேன், படம் கீறினேன். யுத்தம் முடிந்த கையோடு நிறுவனம் மூட்டை கட்டியது. நான் கீறியபடியே கட்டிய எங்கள் புது வீட்டு முன்னறையில் மேசை போட்டு, கேட்டு வந்தவர்களுக்குக் கீறத் தொடங்கினேன். வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அந்த நேரம் பார்த்து, எப்போதோ பரீட்சை எழுதிய லிகிதர் வேலைக்கு நியமனக் கடிதம் வந்தது. பென்ஷன் உள்ள அரசாங்க உத்தியோகம். உம்மா அயலுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார்.

அந்த வேலை எனக்குத் தெரியும். வருகிற கடிதத்துக்கு இலக்கம் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேவலம் என்று சொல்லமாட்டேன், அதில் மனம் நிறைகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே போயிருந்தால் உயிரோடு மையித்தாகியிருப்பேன்.

பொறுப்பேற்கும் நாள் காலை உம்மா என் அபாயாவை அயன் பண்ணி வைத்தார். கணவர் வாசலில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நின்றார். நான் மேசையை விட்டு எழும்பவில்லை.

“வெளிக்கிடு மகள், நேரம் போயித்து.”

“நான் போகல்ல உம்மா.”

உம்மாவின் முகம் கறுத்தது. “ஒன்ட வாப்பா இரிந்தா இப்பிடிச் சொல்லுவியா?”

“வாப்பா இரிந்தாலும் போகமாட்டன்.”

கணவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். உம்மா விடவில்லை.

“வந்த வேலய உட்டுப்போட்டு, ஒருத்தரும் தராத வேலயப் புடிச்சிக்கிட்டு இரிக்காய். இதென்ன புத்தி?”

“ஓம் உம்மா, ஒருத்தரும் தராத வேலதான். ஒருத்தராலயும் பறிக்க ஏலா.”

உம்மா அழுதுகொண்டு குசினிக்குள் போனார். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. நான் பின்னேரத்துக்குள் ஒரு வீடு கீறி முடித்தேன்.