முதல் மடக்கு

லோனி 'கருங்கரடி' என்ற பியர்க்கடையில் பிறந்தவள். இது பேச்சுக்குச் சொல்வதில்லை. மாடியில் பிரசவம் நடந்தபோது கீழே கூடத்தில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. குழந்தை வீறிட்ட சத்தம் கேட்டதும் அவள் அப்பா ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குவளை சும்மா ஊற்றினாராம். ஞானஸ்நானப் பெயர் அப்பலோனியா. பாதிரியாரைத் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். அவளைத் தினமும் பார்ப்பேன். உயரமானவள், தோள் அகலம், நடந்தால் மரத்தரை சொல்லும். நிரம்பிய பீப்பாயை நிலவறைப் படிகளில் ஒற்றையாளாக உருட்டி ஏற்றுவாள். அவள் புருஷன் கீலியன் ஒல்லி, சாது. அடுப்படி அவனுடையது. அவன் வேகவைக்கும் பன்றித் தோள்கறிக்கும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்கும் பாம்பர்க் நகரத்திலிருந்தே ஆள் வரும். ஆனால் மே மாத விழாவுக்குக் கூட்டம் வருவது கறிக்காக இல்லை, லோனிக்காக.

அந்த விழாவை ஆரம்பித்ததே அவள்தான். எங்கள் பக்கத்துப் பியர் மட்டும்தான் பியர் என்று அடித்துப் பேசுகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் அவள் கோலோனிலிருந்து வெளிறிய மெல்லிய பியரையும், அதற்குப் பரம விரோதியான டூசல்டார்ஃப் பழுப்புப் பியரையும், கீழ்ப் பவேரியாவின் கோதுமைப் பியரையும் வரவழைத்து, புகையில் வாட்டிய தானியத்தில் வடிக்கும் எங்கள் புகைப்பியருக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினாள். செஸ்ட்நட் மரங்களுக்கு அடியில் பெஞ்சு போட்டு மூன்று நாள் கூத்து. வடித்தவர்களே பீப்பாயோடு வருவார்கள். லோனி மரக் கொட்டாப்புளியால் பீப்பாயில் குழாயை அறைந்து இறக்குவாள். முதல் குவளையை அவளே பிடித்து, முகர்ந்து, ஒரு மடக்குக் குடித்து, பெஞ்சு மேல் ஏறி நின்று ஒரே வாக்கியம் சொல்வாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவது.

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் கூட்டம். ஒரு பியரைப் பற்றி, "மழை நின்னப்புறம் வைக்கோல் வண்டி நம்ம வாசலைத் தாண்டிப் போற மாதிரி இருக்கு" என்றாள். இன்னொன்றைப் பற்றி, "இது மாமியாரைப் பாக்கப் போறப்ப போடுற சட்டை. அழகாத்தான் இருக்கு, கழுத்துதான் இறுக்குது." வடித்தவனே சிரித்துவிட்டான்.

ஒரு ஜனவரியில் பின்கட்டுப் படியில் பனி உறைந்திருந்தது. சாம்பல் வாளியோடு இறங்கிய லோனி வழுக்கி மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை கல்லில் மோதியது. சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, கட்டுப் போட்ட தலையோடு திரும்பி வந்தாள். எலும்பு முறியவில்லை, நினைவு தப்பவில்லை, பிழைத்தாள் என்று எல்லோரும் மூச்சு விட்டோம்.

வந்த வாரம் கீலியன் அடுப்பில் வெங்காயத்தை வைத்துவிட்டு விறகெடுக்கப் போனான். திரும்பி வந்தால் அடுப்படி முழுக்கப் புகை, சட்டி கரி. லோனி அடுப்புக்கு முதுகு காட்டிக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில் நின்று, குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் லோனி, வெங்காயம் தீயுறது தெரியலையா?"

அவள் திரும்பிச் சட்டியைப் பார்த்தாள். குனிந்து அதன் மேலேயே முகத்தை வைத்து இழுத்தாள். இருமல்தான் வந்தது. வாசனை வரவில்லை.

விழுந்த வேகத்தில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அறுந்திருக்கும் என்றார் டாக்டர். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். மருந்து கிடையாது.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, வாசனை என்பது என்னவெல்லாம் என்று. காப்பி அவளுக்கு வெந்நீராகிவிட்டது. பால் திரிந்திருக்கிறதா என்று கீலியனைக் கேட்க வேண்டியிருந்தது. தன் மேல் நாற்றம் வருமோ என்ற பயத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தாள், கழுத்தை நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டாள். ஒருநாள் கீலியனுடைய கோட்டை முகத்தில் வைத்துக்கொண்டு நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அதை நான் பார்க்கவில்லை. கீலியன்தான் சொன்னான், சொல்லும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மார்ச் மாதம் அவன் மெதுவாகப் பேச்செடுத்தான். நான் அப்போது கூடத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வருஷம் விழா வேண்டாம் லோனி. இல்லன்னா முதல் மடக்கை பாங்க்ராஸ் குடிக்கட்டும். அவனும் பியர் வடிக்கிறவன்தானே."

பாங்க்ராஸ் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் சொந்தமாகப் பியர் வடிப்பவன். நல்ல தொழில்காரன், அதைவிட நல்ல வாய்க்காரன்.

"பாங்க்ராஸா? அவன் பியரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பீப்பாய் காலியாகும், பேச்சு முடியாது."

"சரி, போன வருஷம் சொன்னதையே சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

லோனி கையிலிருந்த துணியை மேஜை மேல் போட்டாள். "எனக்குத் தெரியும்ல? இங்க பாரு கீலியன், மூக்குதான் போச்சு. வாய் போகல."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. காலையில் கடை திறக்கும் முன் கீலியன் விதவிதமான பியரை மண்குவளைகளில் ஊற்றிப் பெயர் சொல்லாமல் வைக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக் குடிப்பாள். இனிப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் நாக்கிலேயே தெரியும், அது மூக்கோடு போகாது என்று கண்டுபிடித்தாள். பியர் நாக்கில் குத்துவதும், குளிர்வதும், தொண்டையில் கனமாக இறங்குவதும் அப்படித்தான். ஆனால் கோதுமைப் பியரின் பழ வாசனை இல்லை, புகைப்பியரின் புகை இல்லை. கோதுமைப் பியரையும் நிலவறையில் ஊறும் எங்கள் பியரையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். தப்பு என்று கீலியன் தலையாட்டினால் கோபம் அவன் மேல் பாயும்.

"நீ வேணும்னே கலந்து வைக்கிற!"

"நான் ஏன்டி கலக்கப் போறேன்? அடுத்ததக் குடி."

ஏப்ரலில் லைப்ஸிக்கிலிருந்து புதிதாக ஒருவர் விழாவுக்கு வருவதாகச் சொல்லி, தன் பியரில் சில புட்டிகள் அனுப்பியிருந்தார். அந்த ஊர்ப் பழைய வகை. அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுப் புளிக்கவைப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் குடித்ததில்லை. என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தேன். லோனி குடித்தாள். பிறகு உள்ளங்கையால் மேஜையை ஓங்கி அடித்தாள்.

"உப்பு! கீலியன், இங்க வா! உப்பு இருக்கு, பின்னாலயே புளிப்பு ஓடியாருது... எனக்கு இது இருக்குடா!"

அந்தப் புட்டியை முழுக்கக் குடித்துவிட்டு அழுதாள். விழுந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

விழா நாள் வெயிலோடு விடிந்தது. பெஞ்சுகள் நிரம்பி, இடம் கிடைக்காதவர்கள் மதில் மேல் உட்கார்ந்திருந்தார்கள். லோனி முதல் பீப்பாயைத் தொடுவதற்கு முன்னாலேயே பெஞ்சு மேல் ஏறினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ஜனவரியில விழுந்ததுல எனக்கு மூக்கு செத்துப்போச்சு. ஒண்ணும் வாசனை தெரியாது. நாக்கு சொல்றதத்தான் இன்னைக்குச் சொல்லுவேன். பிடிக்காதவங்க கறியத் தின்னுட்டுப் போகலாம்."

ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவள் வாயாலேயே கேட்டதும் சத்தம் அடங்கிவிட்டது. கூரை வேயும் எர்ஹார்டுக்கு மட்டும் எந்த அமைதியும் தாங்காது.

"காது கேக்காதவன் கல்யாணத்துல வாத்தியம் வாசிச்ச கதைதான்!" என்றான். சிரிப்பு எழுந்தது.

"எர்ஹார்டு, உனக்கு மூக்கு இருந்து என்ன பண்ணுன? உன் காலுறை நாத்தத்தோடயே வந்து உக்காந்திருக்க, பக்கத்துல இருக்கிறவங்களக் கேளு!" என்றாள் லோனி. இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம்.

கோலோன் பியரை, "ஒல்லிதான், ஆனா நேரா நடக்குது" என்றாள். டூசல்டார்ஃப் பியரைக் குடித்துவிட்டு, "கசப்பு கடைசியாத்தான் வருது, கடன்காரன் மாதிரி உக்காந்துக்குது" என்றாள். கைதட்டினார்கள். புகைப்பியருக்கு வந்தபோது, "இதுல உங்களுக்கெல்லாம் புகை இருக்கு, எனக்கு இல்ல. புகை போனா இதுல என்ன இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. ரொட்டி மாதிரி இனிப்பா இருக்கு" என்றாள். வயதானவர்கள் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் கீலியனைப் பார்த்தேன். அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது.

நாலாவது பீப்பாய் பாங்க்ராஸுடையது. லோனி குழாயை இறக்கினாள், குடித்தாள். "கசப்பும் இனிப்பும் ஒண்ணு தோள்ல ஒண்ணு கை போட்டுட்டு வருது. நல்ல பியர்." பாங்க்ராஸ் மார்பை நிமிர்த்திக்கொண்டான். குவளைகள் நிரம்பி மேஜை மேஜையாகப் போயின.

எனக்கு முன்னால் குவளை வந்ததும், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தெரிந்துவிட்டது. பூஞ்சை. பீப்பாயின் மரத்தில் பிடித்து பியருக்குள் இறங்கிய பூஞ்சை நாற்றம். அடுத்த மேஜையில் ஒருவர் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நனைஞ்ச நாய் படுத்த சாக்கு மாதிரி இருக்கே!" என்று கத்தினான் எர்ஹார்டு.

பாங்க்ராஸ் ஒரு குவளையைப் பிடுங்கி முகர்ந்தான். அவன் முகம் கழுத்து வரை சிவந்தது. பீப்பாய் அவனுடையது, கழுவிக் காய வைக்க வேண்டியவனும் அவன்தான். ஆனால் அவன் லோனியைப் பார்த்துத்தான் விரலை நீட்டினான்.

"நீதானே நல்லாருக்குன்னு சொன்ன? மூக்கு இருக்கிறவளா இருந்தா ஒரு வாய்லயே நிறுத்தியிருப்ப. இத்தனை பேர் முன்னால என் மானம் போச்சு!"

லோனி முகத்தில் ரத்தமில்லை. கையிலிருந்த குவளையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள், பழக்கம். ஒன்றும் கிடைக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கீலியன் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தான்.

"போதும் லோனி, உள்ள வா."

போனாள். அடுப்படிக் கதவு திறந்தே இருந்ததால் என் இடத்திலிருந்து பார்க்க முடிந்தது. தொட்டியருகில் நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். கீலியன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்து, துண்டை அவன் தோளிலேயே போட்டுவிட்டு, கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சு மேல் ஏறினாள்.

"நல்லாருக்குன்னு சொன்னது நான். தப்பு என்னுது. அந்தப் பியரக் கீழ ஊத்திடுங்க, குவளையக் கழுவிட்டு வாங்க. இன்னும் பீப்பாய் இருக்கு. என்கிட்ட இல்லாதது உங்ககிட்ட இருக்கு. இனிமே மூக்கு உங்களுது, நாக்கு என்னுது. ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு ஆள் முன்னால வந்து மோந்து சொல்லணும். எர்ஹார்டு, எந்திரி. நீதான் முதல்ல."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"நாயும் சாக்கும் தெரிஞ்சுதுல்ல? வா."

தள்ளிவிட்டார்கள். அடுத்தது லைப்ஸிக் பியர். எர்ஹார்டு குவளைக்குள் மூக்கை விட்டான். இவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்றதும் அவன் வாய் கட்டிக்கொண்டது.

"பியர் வாசனை வருது," என்றான்.

"அடேங்கப்பா! பால் வாசனை வரும்னு நெனச்சியா? சரியா மோந்து பாரு."

மறுபடி முகர்ந்தான். இம்முறை நேரம் எடுத்துக்கொண்டான். "கூரை மேல ஓடு மாத்தறப்ப, கீழ தோட்டத்துல யாரோ எலுமிச்சம்பழம் அறுக்கிற மாதிரி. காத்துல கொஞ்சமா." சொல்லிவிட்டு அவனே ஆச்சரியப்பட்டு நின்றான்.

லோனி குடித்தாள். "அந்தப் பழத்துல உப்பத் தடவி நாக்குல வைக்குறாங்க," என்றாள். "ஊத்துங்க!"

அதன் பிறகு கை தூக்கிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள் முகர்வதற்கு. பள்ளிக்கூட டீச்சர் வந்தார், தபால்காரர் வந்தார், எங்கள் பாதிரியார்கூட வந்து கோதுமைப் பியரில் வாழைப்பழம் இருக்கிறது என்று சத்தியம் செய்தார்.

பாங்க்ராஸ் வண்டியில் வெறும் பீப்பாயை ஏற்றிக்கொண்டிருந்தான். லோனி அவனிடம் தனியாகப் போனாள். நான் வண்டிப் பக்கம்தான் நின்றிருந்தேன்.

"யோவ், உன் பியர்ல குத்தமில்ல, பீப்பாய்லதான். மாத்திட்டு அடுத்த வருஷம் கொண்டா."

"மூக்கில்லாதவகிட்ட நான் ஏன் கொண்டுவரணும்?" என்று வண்டியைக் கிளப்பினான்.

அடுத்த வருஷம் வரவில்லை, அதற்கடுத்ததும் இல்லை. பிறகு மகளை அனுப்பினான், புதுப் பீப்பாயோடு. அவனும் வந்து மதில் ஓரமாக நின்றானாம். நான் பார்க்கவில்லை.

லோனிக்கு மூக்கு திரும்பவே இல்லை. ஒரு குளிர்காலத்தில் எங்கேயோ மெழுகுவர்த்தி எரிகிற வாசனை வருகிறது என்று வீடெல்லாம் தேடினாள். எதுவும் எரியவில்லை. நரம்பு அப்படித்தான் சில நேரம் பொய் சொல்லும் என்றார் டாக்டர். பிறகு அவள் தேடுவதை விட்டுவிட்டாள். விழாவை விடவில்லை.

இப்போதெல்லாம் காலையில் கீலியன் மாடி ஜன்னலைத் திறந்து அன்றைய வாசனையை அவளுக்குச் சொல்கிறான். ரொட்டிக்கடை, ஈரப் புல், யாரோ பூசிய பெயின்ட், இப்படி. எதிரில் கடை திறந்துகொண்டிருக்கும் எனக்கும் கேட்கும். ஒருநாள், "லைலாக் பூத்திருக்கு" என்றான். அந்த வருஷம் எங்கள் தெரு லைலாக் மரத்தின் மொட்டுகளையெல்லாம் உறைபனி கருக்கியிருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றாள் லோனி. "பாதி பொய்தான் சொல்றான். நல்லாச் சொல்றானேன்னு விட்டுட்டேன். நீ போய் அவன்கிட்ட எதுவும் உளறாத."