இரண்டு மனுக்கள், ஒரே வரைபடம்

துலுக்காணத்துக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுகள்தான் சொந்தம். மற்றவை கடலைக்கும் கரும்புக்கும் போய்விடும். முதல் ஞாயிறு நகரியில், நெசவாளர் முனியப்பனின் தறிக்கொட்டகையில் தமிழ் எழுத்தாளர் கூட்டம். மூன்றாம் ஞாயிறு ரயிலேறித் திருப்பதி. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் வெங்கடசாமியின் வீட்டு மாடியில் வட்டார வரலாற்றுக் கழகம் கூடும். நடப்பதெல்லாம் தெலுங்கில். இரண்டு இடத்திலும் குதிகாலில் சேறு காய்ந்த நிலையில் வந்து உட்காருகிற ஆள் அவர் ஒருவர்தான்.

அவருடைய ஊர் ஏரிமேடு, நகரிக்கு மேற்கே நாலு மைல். அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தை உழுதவர். துலுக்காணம் ஒன்றரை ஏக்கர் வாங்கி, மனைவி கிருஷ்ணம்மாவும் அவருமாகக் கிணறு வெட்டி, தண்ணீரைக் கண்டார்கள். எட்டாவது வரை புத்தூரில் தெலுங்கில் படித்தார். தமிழ் வீட்டில் பேச்சாக இருந்தது. எழுத்தாக அவர் கற்றுக்கொண்டது கடைப் பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து. இரண்டிலும் கையெழுத்து அச்சு மாதிரி விழுந்தது. அதனால் இரண்டு கூட்டத்திலும் குறிப்பு எழுதுகிற வேலை, யாரும் கேட்காமலே, அவருடையதாகிவிட்டது.

நகரிக் கூட்டம் ‘கழனி’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியது. மொத்தமே ஒரு பிரதி. எல்லாருடைய கதையையும் கவிதையையும் துலுக்காணம் அழகாக எழுதித் தைத்துக் கொடுப்பார். அது வீடு வீடாகச் சுற்றிவரும். நடுவில் அவருடைய கட்டுரை ஒன்றும் இருக்கும். பாறைக்கு அடியில் ஊற்றுக்கண் திறந்த விதம், கடலையில் பூச்சி விழுந்த வருஷம், இப்படி. படித்தவர்கள் கருத்து எழுதக் கடைசி நாலு பக்கம் காலியாக விட்டிருக்கும். அந்த நாலு பக்கத்துக்காக அவர் மாதம் முழுக்கக் காத்திருந்தார். படிக்கிறவர்கள் பதினோரு பேர். திருப்பதிக் கழகமோ அவர் எழுதிய ஏரிமேட்டு வரலாற்றைத் தன் ஆண்டு மலரில் அச்சுப் போடுவதாகச் சொல்லியிருந்தது. பதினெட்டுப் பக்கம். அவர் எழுத்து அச்சு ஏறப்போவது அதுதான் முதல் தடவை. ஏரிமேட்டில் அவர் எழுதுவார் என்று எல்லாருக்கும் தெரியும். படித்தவர் ஒருவர் கிடையாது. இந்த இரண்டு கூட்டமும் இல்லாவிட்டால் அவர் எழுதியது எழுதாதது மாதிரிதான்.

ஆந்திர மாநிலம் பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சித்தூர் ஜில்லாவின் தெற்கு ஓரம் யாருக்கு என்பது மட்டும் தீரவில்லை. எல்லை விசாரணைக்கு ஒரு அதிகாரி வருகிறார், ஊர் ஊராக மனு வாங்குகிறார் என்று செய்தி வந்தது. அந்த முதல் ஞாயிறு முனியப்பன் தறியை விட்டு எழுந்து நின்றே பேசினார்.

“துலுக்காணம், உங்க ஊரு மனுவ நீதான் எழுதற. ஏரிமேடு மெட்ராஸோட சேரணும். ஒரு மேப்பும் போடு. உன் கையெழுத்தப் பாத்தாலே அந்த ஆபீசரு சரின்னுடுவான்.”

துலுக்காணம் ஆறு பக்கம் எழுதினார். ஊரில் பேசும் பாஷை, பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள், வெள்ளிக்கிழமைதோறும் திருத்தணிச் சந்தைக்குப் போகும் கடலை மூட்டை. எழுதி முடித்தபோது, இது இத்தனை தெளிவான விஷயமா, இதற்கு எதற்கு ஒரு விசாரணை என்றே அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் ஞாயிறு திருப்பதியில் வெங்கடசாமி கண்ணாடியைத் துடைத்தபடி, “துலுக்காணம் காரு, மீ ஊருக்கும் ஒரு மனு காவாலி கதா?” என்றார். ஏரிமேடு ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்று கேட்கும் மனு. துலுக்காணம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் காப்பி வந்தது. குடித்துக் கீழே வைப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. குறிப்பேடு அவர் மடியில்தான் இருந்தது. ‘ஏரிமேட்டு மனுவைத் துலுக்காணம் எழுதுவார்’ என்று அவரே எழுதிக்கொண்டார்.

சரி, ஒப்புக்கு இரண்டு பக்கம் கிறுக்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். கை கேட்கவில்லை. ஏரிப் பாசனத்தின் பழைய பத்திரங்கள் தெலுங்கில் இருந்தன. பிள்ளைகள் படிப்பது தெலுங்கில். செவ்வாய்தோறும் வெல்லம் புத்தூர்ச் சந்தைக்குப் போகிறது. இதுவும் ஆறு பக்கம் வந்தது. இதுவும் தெளிவாகவே இருந்தது. இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதில் பொய் இருக்கிறது என்று தேடினார். ஒரு வரிகூட அகப்படவில்லை. எங்கோ ஒரு பொய் இருந்தே ஆகவேண்டும் என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

கிருஷ்ணம்மா கடலை உரித்தபடி, “இன்னாய்யா, ஒரே காயிதத்த முறைச்சுக்கினு கீற?” என்றாள்.

அவர் விஷயத்தைச் சொன்னார்.

“மாப்ள வூட்டு பத்திரிகையும் நீயே, பொண்ணு வூட்டு பத்திரிகையும் நீயே எழுதற. அப்புறம் இன்னா? எழுதறவனக் கேட்டா கல்யாணம் பண்றாங்க?”

“ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா துரத்திடுவாங்கடி.”

“அப்ப ஒருத்தருக்கு முடியாதுன்னு சொல்லு.”

“யாருக்கு?”

கிருஷ்ணம்மா யோசித்தாள். தோலைத் தட்டிவிட்டு, “அது எனக்கெப்டி தெரியும்” என்று உள்ளே போய்விட்டாள்.

பாக்கி இருந்தது வரைபடம். அதற்குத் துலுக்காணம் கயிறு பிடித்து ஊரை அளந்தார். ஏரி, மதகு, மூன்று கிணறு, பனைவரிசை, கங்கம்மா கோயில். நாலு நாள் வேலை. இன்னொரு தடவை அளக்கக் கடலைப் பறிப்பு விடவில்லை. புத்தூரில் கார்பன் தாள் ஒன்று வாங்கி வந்து, அடியில் வைத்து அழுத்தி வரைந்தார். மேல் தாளில் பெயர்களைத் தமிழிலும் அடித்தாளில் தெலுங்கிலும் எழுதினார். அது தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஊர் ஒன்றுதானே, இரண்டாவது படத்தில் ஏரியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

விசாரணை புத்தூர்ப் பயணியர் பங்களாவில் நடந்தது. அதிகாரி வெளியூர்க்காரர், தமிழும் தெலுங்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஜன்னல் பக்கம் நகரிக்காரர்கள், கதவுப் பக்கம் திருப்பதிக்காரர்கள். துலுக்காணம் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல், குடைகள் சாத்தியிருந்த கடைசி பெஞ்சில் போய் ஒண்டிக்கொண்டார்.

ஏரிமேடு என்று கூப்பிட்டார்கள். அதிகாரி இரண்டு வரைபடத்தையும் மேசைமேல் பரப்பினார். குனிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு எழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஏரிமேல் ஏரி உட்கார்ந்தது. பனைமேல் பனை நின்றது. ஒரு மயிரிழை பிசகவில்லை.

“நாற்பது ஊர் பார்த்துவிட்டேன்” என்றார் அதிகாரி. “இரண்டு தரப்பு படத்திலும் ஏரி ஒரே இடத்தில் இருக்கும் ஊர் இதுதான். சேர்ந்து வரைந்தீர்களா?”

“அவங்களோட சேர்ந்தா?” முனியப்பன் துள்ளி எழுந்தார். “எங்க ஆளு வரைஞ்சதுங்க ஐயா. ஏரிமேட்டுக்காரு. தோ, அங்க குந்திக்கினு கீறாரு.”

“ஐயா, மன்னிக்கணும்” என்று கதவுப் பக்கம் வெங்கடசாமியும் எழுந்தார். “எங்க கழகம் மெம்பர் வரைஞ்சது. அதோ.”

இரண்டு விரலும் கடைசி பெஞ்சுக்கு வந்தன. யாருக்கோ சிரிப்பு பீறிட்டது. முனியப்பன் கை நீட்டியபடியே நின்றார். அதை மடக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதிகாரி துலுக்காணத்தை முன்னே வரச் சொன்னார். “படம் உன்னுடையதா?”

“ஆமாங்க.”

“மனு?”

“அதுவும் நாந்தாங்க.”

“எது உண்மை?”

“ரெண்டுந்தாங்க ஐயா.”

“கடலை திருத்தணிக்குப் போகிறது என்கிறது இது. வெல்லம் புத்தூருக்கு என்கிறது அது. நீ எந்தப் பக்கம்?”

“வெள்ளிக்கெழம அந்தப் பக்கங்க. செவ்வாக்கெழம இந்தப் பக்கம்.”

“மற்ற நாள்?”

“கழனில கீறேங்க.”

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. அதிகாரி மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று துலுக்காணம் எட்டிப் பார்த்தார். இங்கிலீஷில் இருந்தது.

பங்களாப் படியில் முனியப்பன் அவரை மறித்தார். “ஒரு வண்டிக்கு ரெண்டு மாடு பாத்துக்கீறேன். ஒரு மாடே முன்னாடி பாதி பின்னாடி பாதியா ரெண்டு வண்டி இழுக்கறத இன்னிக்குத்தான்டா பாக்கறேன்.” வெங்கடசாமி திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். “மேப்பு மட்டும் சால பாகுந்தி” என்று மெச்சிவிட்டு ரயிலுக்குப் போனார். எது அதிகமாகச் சுட்டது என்று துலுக்காணத்தால் சொல்ல முடியவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு தறிக்கொட்டகை நிறைந்திருந்தது. துலுக்காணத்தை நீக்குவது என்று பேசி முடித்துவிட்டார்கள். கையைத் தூக்கச் சொன்னபோது, பழக்கத்தில் துலுக்காணத்தின் கையும் பாதி எழும்பிவிட்டது. எண்ணியவர் அதையும் சேர்த்துப் பதினொன்று என்றார்.

“தீர்மானத்த எழுதணும்” என்றார் முனியப்பன். “யாரு எழுதறது?”

“எனக்குப் பேரு போடவே ரெண்டு எடத்துல கோணும்” என்றார் நூல்கடை ரங்கையா.

எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்கு வந்தது. துலுக்காணம் குறிப்பேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “சொல்லுங்கணா.”

முனியப்பன் தொண்டையைக் கனைத்தார். “‘ஏரிமேடு துலுக்காணம் என்பவர்...’”

“‘என்பவர்’ வேணுமாணா? எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளுதானே.”

“இருக்கட்டும்டா. ‘கூட்டத்தின் நம்பிக்கைக்கு மாறாக நடந்துகொண்டதால்...’”

“எப்டி நடந்துக்கினேன்னு ஒரு வார்த்த போட்டா, பின்னாடி படிக்கறவங்களுக்குப் புரியும்ணா.”

அது நியாயமாகத்தான் பட்டது. முனியப்பன் யோசித்தார். “ரெண்டு பக்கத்துக்கும் நல்லா எழுதிக் குடுத்ததாலன்னு போட்டுக்க” என்றார் ரங்கையா. கொட்டகை சிரித்தது. முனியப்பன் அவரை முறைத்துவிட்டு, “மாறாக நடந்துகொண்டதால்னே இருக்கட்டும்” என்றார்.

துலுக்காணம் எழுதினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார். “இது இன்னையிலேர்ந்தாணா? அடுத்த இதழ் பாதியில கீது.”

இதை யாரும் நினைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் முணுமுணுப்பு.

“மெம்பரு இன்னையோட இல்ல” என்றார் முனியப்பன் கடைசியில். “இதழ் எழுதறது வேற. அத எழுது.”

“பன்னண்டாம் பக்கத்துல என் கட்டுர கீது. கெணறு வெட்டினது. அத எழுதவா, வுட்டுடவா?”

பேனாவைத் தாளுக்குமேல் பிடித்தபடி அவர் காத்திருந்தார். முனியப்பன் அந்தக் கட்டுரையை முன்பே படித்தவர். தறிப்பலகையை இரண்டு தடவை விரலால் தட்டினார்.

“விஷயம் நல்லாத்தான் கீது. பேரு மட்டும் வேணாம்.”

துலுக்காணம் தலையாட்டினார். நாலு மைலும் நடந்து வருகையில், தான் நீக்கப்பட்டோமா இல்லையா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஏரிக்கரை வந்தும் விடை வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் திருப்பதியிலிருந்து ஆண்டு மலர் தபாலில் வந்தது. பதினெட்டுப் பக்கமும் இருந்தது, கூடவே அந்த வரைபடமும். தலைப்புக்குக் கீழே தெலுங்கில் ‘ஏரிமேடு துளசி ராவ்’ என்று போட்டிருந்தது. அச்சுக் கோத்தவருக்குத் துலுக்காணம் என்ற பெயர் பிடிபடவில்லையா, இல்லை வெங்கடசாமி மாஸ்டரே வேண்டுமென்று மாற்றினாரா? கடிதத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாம் ஞாயிறு வரவேண்டும் என்றும் இல்லை, வரவேண்டாம் என்றும் இல்லை.

“யாருய்யா இது, துளசி ராவு?” என்றாள் கிருஷ்ணம்மா, அவர் படித்துக் காட்டியபோது.

“நாந்தான்னு நெனக்கிறேன்.”

“நல்லா எழுதிக்கீறாரா?”

“நல்லாத்தான் எழுதிக்கீறாரு.”

“அப்ப இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு கீற? சோறு துன்னு.”

எல்லைத் தீர்ப்பு வர இன்னும் நாள் இருந்தது. அது வந்தபோது ஏரிமேடு அசையாமல் ஆந்திராவிலேயே இருந்தது. துலுக்காணத்தின் எந்த மனுவும் அதற்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் முன்னால், ‘கழனி’யின் அந்த இதழ் ஒரு சுற்று முடித்துத் தறிக்கொட்டகைக்குத் திரும்பிய சமயம், அடுத்த இதழுக்கான தாள் வாங்கிக்கொள்ள அவர் நகரிக்குப் போனார். உறுப்பினர் இல்லை என்பதால் உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. வாசலிலேயே நின்றார்.

உள்ளே ரங்கையா இதழைப் பிரித்து, தறியில் இருந்தவர்களுக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் பக்கம். பாறையில் உளி வழுக்கின இடம், மண்வாசனை மாறின இடம், கூடை தூக்கின பெண்பிள்ளை முதல் தண்ணீரைக் குடிக்காமல் முகத்தில் அடித்துக்கொண்ட இடம். தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. படித்து முடித்து ரங்கையா தாளைத் திருப்பினார்.

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த செங்கம்மா கேட்டாள், “யாரு எழுதனது ரங்கையா இது? பேரக் காணோமே. மெய்யாலும் கெணறு வெட்டின ஆளு போலக் கீது. நம்ம பக்கத்து ஆளா?”

ரங்கையா முனியப்பனைப் பார்த்தார். முனியப்பன் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை.

“நம்ம ஆளுதான்” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று துலுக்காணமும் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் தெரு நீளத்துக்குப் பாவு நூல் கட்டிக் காயவிட்டிருந்தார்கள். ஆள் யாருமில்லை.